ஆய்வு நூலகம்: திறந்த அடுக்கா, மூடிய சேமிப்பா?

சிகாகோ பல்கலைக்கழகத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. 1970இல் திறந்த ரீகன்ஸ்டைன் நூலகத்தில் மாணவர்களே அடுக்குகளுக்குள் நடந்து நூல் எடுக்கலாம். 2011இல் வந்த மான்சுவேட்டோ நூலகத்தில், நூலைத் தரைக்கடியிலிருந்து இயந்திரக் கிரேன் எடுத்துத் தரும்.

இடம்
திறந்தது: ஆள் நடக்க வழி விட வேண்டும், வருடம் ஏற ஏற நெருக்கடிதான்.
மூடியது: அளவு வாரியாகப் பெட்டிகளில் அடுக்குவதால், மான்சுவேட்டோவில் 35 லட்சம் தொகுதிகள் வரை கொள்ளும்.

தேடல்
திறந்தது: பொருள்வாரி அடுக்கு. ஒரு நூலைத் தேடிப் போனால், பெயரே கேள்விப்படாத இன்னொன்று பக்கத்தில் கண்ணில் படும். நின்றபடியே பொருளடக்கத்தைப் புரட்டலாம். தலைப்பே இன்னும் முடிவாகாத மாணவருக்கு இது பெரிய வரம்.
மூடியது: என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். பட்டியலில் பதிவு தவறென்றால், அந்த நூல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பாதுகாப்பு
இதில் மூடியதற்கே என் ஓட்டு. வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்கும். அப்புறம், உயரத் தட்டு எட்டாதவருக்கும் நூல் கைக்கு வந்துவிடும்.

மின்வடிவில் கிடைக்கும் பழைய இதழ்த் தொகுப்புகளை மூடிய சேமிப்புக்கு அனுப்பலாம். மாணவர்கள் துழாவித் தேடும் துறை நூல்களைத் திறந்த அடுக்கிலேயே வையுங்கள். இடம் போதவில்லை என்று முதலில் அவற்றில் கை வைக்காதீர்கள்.