'1000 வாட்' செடி விளக்கு, 'சத்தமில்லாத' ஃபேன்: நான் ஏமாந்த கதை

வீட்டுக்குள் பீரோ அளவில் செடி வளர்க்க நினைப்பவர்கள் விளக்குக்கும் ஃபேனுக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது பத்தாயிரம் ரூபாய். அதைவிட, அம்மா ஈரக் கையோடு தொடும் இடத்தில் எர்த் இல்லாத விளக்கை நானே மாட்டி வைத்திருந்தேன் என்பதுதான் இன்றும் மனதை உறுத்துகிறது.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டார். ஊரில் கொல்லைப்புறம் முழுக்கச் செடி வைத்திருந்தவர். எங்கள் பால்கனிக்கு எதிரே புதிதாக ஐந்து மாடி எழும்பிவிட்டது, வெயிலே விழுவதில்லை. அம்மா அறையில் ஒரு பழைய இரும்பு பீரோ சும்மா நின்றது. 3 அடி அகலம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் ஆழம். உள்ளே வெள்ளை பெயிண்ட் அடித்து, விளக்கு மாட்டி, கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் திருநீற்றுப்பச்சிலையும் வளர்க்கலாம் என்று ஏப்ரலில் ஆரம்பித்தேன்.

விளம்பரம் பார்த்து ஒரு கடைக்காரரிடம் போனில் பேசினேன். நன்றாகத்தான் பேசினார். 1000 வாட் குரோ லைட் (செடி வளர்க்கும் விளக்கு) 6,800 ரூபாய். 4 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், 200 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று, 25 டெசிபல் சத்தம், 3,200 ரூபாய். "பெட்ரூம்லயே வைக்கலாம் சார், ஏசி மாதிரி உள்ளே குளுகுளுன்னு இருக்கும்" என்றார். யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

முதல் பத்து நாள் நான் எதையும் சந்தேகப்படவில்லை. பகல் சூட்டைத் தவிர்க்க, மாலை 6 முதல் காலை 8 வரை விளக்கு எரியும்படி டைமர் வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் ஒரே ஊதா வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இலைகள் கறுப்பாகத் தெரிந்தன. எது பழுத்த இலை, எதில் பூச்சி என்று ஒன்றும் புரியவில்லை. பிறகு விளக்கை அணைத்துப் பார்த்தால், நடுத்தொட்டியில் இலை வெளிறியிருந்தது, ஓரத்தொட்டிகளில் கொத்தமல்லி நூல் மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்து கிடந்தது. ஒவ்வொரு பல்புக்கும் மேல் குறுகலான லென்ஸ் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் முழுவதும் நடுவில் குவிகிறது, ஓரத்துக்குப் போவதில்லை.

அதற்கு மேல் நாற்றழுகல். தண்டின் அடி கறுத்து, ஒரே இரவில் வரிசையாகச் சாய்ந்தன. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்தேன், அதிகபட்ச வெப்பத்தைப் பதிந்து வைக்கும் வகை. காலையில் 39 டிகிரி காட்டியது. ஃபேன் ஓடும்போது எப்படி இவ்வளவு சூடு என்று குழம்பினேன். அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ராத்திரி அந்தச் சத்தத்துல தூக்கமே வரலடா. பதினோரு மணிக்கு ஃபேன மட்டும் புடுங்கிட்டு, காலையில நீ எழுந்திரிக்கறதுக்குள்ள திரும்பச் சொருகிடுவேன். நீ ஆசையா வச்சது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

போனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலி துல்லியமானது இல்லை, சரி. ஆனாலும் ஒரு மீட்டர் தூரத்தில் அது 50க்கு மேல் காட்டியது. பாத்ரூமில் போடும் சாதாரண ஃபேனுக்கு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்றிருக்கிறார்கள். அதை பீரோவின் தகரத்தில் நேராக ஸ்க்ரூ போட்டு முடுக்கியதால் மொத்த பீரோவும் சேர்ந்து அதிர்ந்தது. வேகத்தைக் குறைக்கலாம் என்று சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் போட்டேன். மோட்டார் உறும ஆரம்பித்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் பிளக்கில் சொருகி வாட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். '1000 வாட்' விளக்கு இழுத்தது 64 வாட்.

கடைக்காரரிடம் கேட்டால், "அது இக்விவலன்ட் வாட் சார், எல்லாருமே அப்படித்தான் போடுவாங்க" என்கிறார். நூறு எல்.இ.டி. சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றும் 10 வாட் தாங்கும் வகை என்று சொல்லி, நூறைப் பத்தால் பெருக்கி 1000 என்று அச்சடித்துவிடுகிறார்கள். செடிக்கும் மின்கட்டணத்துக்கும் கணக்கு, சுவரிலிருந்து இழுக்கும் வாட் மட்டும்தான். வாங்குவதற்கு முன் அதைக் கேளுங்கள். பதிலைச் சுற்றி வளைத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.

தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் விளக்கைப் பிரித்துப் பார்த்தார். பிளக்கில் மூன்று முள் இருக்கிறது. ஆனால் எர்த் வயர் அலுமினிய உடம்போடு சேர்க்கப்படவே இல்லை. டிரைவரில் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையும் இல்லை, R என்று ஆரம்பிக்கும் பதிவு எண்ணும் இல்லை. தினமும் அம்மா தண்ணீர் தெளித்த கையோடு அந்த இரும்பு பீரோவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அன்றே கழற்றி எறிந்தேன்.

இப்போது இருப்பது வேறொருவரிடம் வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பலகை. 65 வாட் என்று எழுதியிருந்தார், மீட்டரில் 62 வந்தது. விலை 4,200. ஒரு அடி உயரத்தில், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் சுமார் 15,000 காட்டுகிறது. வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸை 67ஆல் வகுத்தால், செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) என்று தோராயமாகக் கிடைக்கும். எனக்கு 220 சொச்சம். 14 மணி நேரம் எரிந்தால் நாளுக்குச் சுமார் 11 மோல், கீரைகளுக்குப் போதும். ஊதா விளக்குக்கு இந்தக் கணக்கு செல்லாது. லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது, சிவப்பையும் நீலத்தையும் குறைத்துத்தான் காட்டும்.

காற்றுக்குக் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு, 120 மில்லிமீட்டர், 12 வோல்ட். அடாப்டரில் 9 வோல்ட் வைத்து மெதுவாக ஓடவிட்டிருக்கிறேன். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் சத்தம் வெகுவாகக் குறைகிறது. வேகம் பாதியானால் சுமார் 15 டெசிபல் இறங்கும் என்பது ஃபேன்களுக்குப் பொதுவான கணக்கு. ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் முளை. மேலே வெளியேற்றம், கீழே அதைப்போல் இரண்டு மடங்கு பரப்பில் காற்று நுழையும் துளைகள். டிரைவரை பீரோவுக்கு வெளியே வைத்ததில் அந்தச் சூடும் உள்ளே வருவதில்லை. 62 வாட் சூட்டை அறையைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறாமல் வெளியேற்ற சுமார் 35-40 சி.எஃப்.எம். போதும். கடைக்காரர் சொன்ன 200 தேவையே இல்லை. அம்மாவின் சீலிங் ஃபேன் ஓடும்போது இதன் சத்தம் கேட்பதே இல்லை.

'ஏசி மாதிரி' என்று சொன்னாரே, அதுவும் பொய். அறையில் 34 டிகிரி என்றால் எந்த எக்ஸாஸ்ட் ஃபேனும் பீரோவை 33க்குக் கொண்டுவராது. அதனால் கொத்தமல்லியைக் கார்த்திகை வரை தள்ளிவைத்துவிட்டோம். சூட்டுக்கு அஞ்சாத திருநீற்றுப்பச்சிலை இப்போது செழிப்பாக நிற்கிறது. அம்மா கதவைத் திறந்ததும் அறை முழுக்க மணக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்தேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் கையில் இருந்ததால் ஃபேனுக்கான 3,200 திரும்பி வந்தது. விளக்குக்கு வரவில்லை. பில்லில் 'எல்.இ.டி. லைட் - 1' என்று மட்டும் எழுதியிருந்தார், நானும் பார்க்காமல் விட்டுவிட்டேன். விளக்கின் விளம்பரத்தை நான் சேமித்தும் வைக்கவில்லை. வாட் எவ்வளவு என்பதைப் பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்.

5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று அதே கடைக்காரரின் விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே விளக்கு, அதே படம். வாட் மட்டும் 1500 ஆகியிருக்கிறது. இந்த முறை சேமித்துவிட்டேன்.