கொலு பொம்மைகளை ஆட வைக்க ராஸ்பெர்ரி பை பிக்கோ: வாங்கலாமா?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கொலுவில் இந்த வருடம் செட்டியார் தராசைத் தூக்கி இறக்கினார், இரண்டு பொம்மைகள் தலையாட்டின, தெப்பக்குளத்தைச் சுற்றி எட்டு எல்இடி விளக்குகள் ஏறி இறங்கி எரிந்தன. அத்தனைக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரே ஒரு பிக்கோதான்: நாம் எழுதும் நிரலின்படி மோட்டார், விளக்குகளை இயக்கும் சின்ன போர்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் வயரைத் தொடுவதற்கு முன்னால், போர்டில் எந்தப் பின் (வயர் இணைக்கும் கால்) எதற்கு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்து (ஒவ்வொரு முறையும் ஒரு பல்ஸ்) விளக்கையும் மோட்டாரையும் கட்டுப்படுத்தும் முறைக்குப் பிடபிள்யூஎம் என்று பெயர். பிக்கோவின் ஆர்பி2040 சிப்பில் 8 பிடபிள்யூஎம் ஸ்லைஸ்கள் (பகுதிகள்) உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு சேனல்கள், ஆக மொத்தம் 16. ஒரே ஸ்லைஸின் இரண்டு சேனலுக்கும் பல்ஸ் அகலத்தைத் தனித்தனியாக வைக்கலாம், அதிர்வெண் மட்டும் பொது. பொம்மையை அசைக்கும் சர்வோவுக்கு, அதாவது சொன்ன கோணத்தில் போய் நிற்கும் சின்ன மோட்டாருக்கு, 50 ஹெர்ட்ஸ் வேண்டும். விளக்கை அதே 50-இல் ஓட்டினால் துடிப்பது தெரியும்; நான் 1000 வைத்தேன். ஜிபி0, ஜிபி1 என்ற பின்கள் இரண்டும் ஒரே ஸ்லைஸ். அதனால் ஜிபி0-வில் சர்வோ, ஜிபி1-இல் விளக்கு என்று கொடுக்கவே கூடாது. ஜிபி0-வும் ஜிபி16-உம் இன்னும் நெருக்கம்: இரண்டும் ஒரே சேனல், பல்ஸ் அகலம்கூடப் பிரியாது. போர்டிலேயே இருக்கும் எல்இடிக்கும் ஜிபி9-க்கும் அதே உறவு. நான் ஜிபி0 முதல் 3 வரை சர்வோக்களுக்கு ஒதுக்கி, 4 முதல் 11 வரை விளக்குகளுக்குக் கொடுத்தேன்.

சின்ன போர்டுகளுக்கான பைத்தான் மொழியான மைக்ரோபைத்தானில் நிரல் எழுதுவது சுகம். சர்வோ நடுவில் நிற்க 1.5 மில்லிசெகண்ட் பல்ஸ் வேண்டும். பல்ஸ் அகலத்தை 0 முதல் 65535 வரையான எண்ணாகக் கேட்கும் டியூட்டி_யு16-இல் அதைக் கணக்குப் போட்டு 4915 என்று கொடுக்க வேண்டும். டியூட்டி_என்எஸ்-இல் நேராக 15 லட்சம் நானோசெகண்ட் என்று எழுதிவிடலாம். விளக்குக்கு மதிப்பைச் சீராக ஏற்றினால் ஆரம்பத்திலேயே பளிச்சென்று ஏறிவிடும், அப்புறம் மாற்றமே தெரியாது. நம் கண்ணின் இயல்பு அப்படி. 0 முதல் 255 வரை எண்ணி, ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கொடுத்தேன். அகலில் திரியைத் தூண்டினாற்போல ஒளி மெல்ல எழுந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் பழைய ராஸ்பெர்ரி பை 3 இருக்கிறதே என்றால், அதில் ஹார்டுவேர் பிடபிள்யூஎம் இரண்டே சேனல், ஆடியோ ஜாக்குக்கும் அதுவேதான்; இத்தனை பொம்மைக்கும் விளக்குக்கும் போதாது.

பின் பெயர்கள் பிக்கோவின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன, துளைகளில் வயர் சொருகும் பிரெட்போர்டில் அதைச் சொருகினால் மறைந்துவிடும். பின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் பழக்கமில்லை என்றால் பின்னோடு வரும் பிக்கோ ஹெச் கேளுங்கள். சர்வோக்களுக்கு 5 வோல்ட்டைத் தனி அடாப்டரிலிருந்து கொடுத்து, கிரவுண்டை மட்டும் பிக்கோவோடு சேருங்கள்.

பொம்மைகள் கூடினால் பிசிஏ9685 என்ற 16 சேனல் போர்டைச் சேர்க்கலாம். அதில் 16-க்கும் ஒரே அதிர்வெண்தான். எனவே சர்வோக்களை அதற்கு மாற்றிவிட்டு, விளக்குகளைப் பிக்கோவிலேயே விட்டுவிடுங்கள்.