பாதி விலைப் பட்டு: பாண்டியில் தீபாவளித் துணி எடுப்பவர்கள் கவனத்துக்கு

கடலூரிலிருந்து பாண்டிக்குத் தீபாவளித் துணி எடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நேரு வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. வாசலிலேயே 50% தள்ளுபடி பேனர். அம்மாவுக்கு மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் வைத்த சேலை பிடித்துப்போனது. "பியூர் சில்க்தான்க்கா, 18,000 ரூபாய் சேலை, பண்டிகைக்காக 9,000" என்றார் விற்பனையாளர். அம்மா மாதாமாதம் கட்டிய தீபாவளிச் சீட்டுப் பணம் அது. பில் கேட்டால், 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டைக் கொடுத்து, "கூட்டமா இருக்குக்கா, பில் அப்புறம் வாட்ஸப்ல அனுப்புறோம்" என்றார்கள். வரவே இல்லை.

குஞ்சம் கட்டுவதற்குத் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அக்காவிடம் கொடுத்தோம். முந்தானையைத் தொட்டதுமே அவருக்குச் சந்தேகம். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். பட்டு என்றால் தலைமுடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுங்கிப் பொடியாகும். இதுவோ உருகிச் சுருண்டு, கறுப்பு மணி போல இறுகிவிட்டது. "பாலியஸ்டர்மா இது" என்றார். விலை ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர்: 2,400. வயிறு எரிந்தது. அம்மா அந்தச் சேலையைப் பிறகு தொடவே இல்லை.

கடையில் போய்க் கேட்டால், "ஆஃபர் சரக்கு, ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரே பல்லவி. இதைக் கேட்டுப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு மயங்காதீர்கள். பட்டு என்று சொல்லி வேறொன்றை விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பில் தராததும் அதில்தான் வரும். தள்ளுபடி என்பதற்காக இந்தச் சட்டம் செல்லாமல் போகாது.

பட்டு எடுக்கும்போது மத்தியப் பட்டு வாரியத்தின் 'சில்க் மார்க்' ஹாலோகிராம் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி எண் உள்ள பில்லில் 'தூய பட்டு' என்றே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அந்தச் சேலையே வேண்டாம், இன்னும் எவ்வளவு விலை குறைத்தாலும் சரி. பணத்தை ஜிபேயில் கட்டுங்கள், எங்களுக்கு இப்போது கையில் இருக்கும் முக்கியமான ஆதாரமே அதுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு கடையிலிருந்து போன் வந்தது. வேறு சேலை தருகிறார்களாம். வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டோம். கடை பாண்டியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. பணம் வராவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். இதே மாதிரி 'எஸ்டிமேட்' சீட்டோடு ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் சீட்டையும் ஸ்டிக்கரையும் தூக்கிப் போடாமல் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.