டெஸ்ட் பிடித்துவிடும், டாக்ஸ் விட்டுவிடும்: ஜாங்கோவுக்குப் பங்களிக்க நினைப்பவர்களுக்கு ஒரு ரிவ்யூ

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற மாணவர்களுக்கு ஓப்பன் சோர்ஸில் கை வைக்க ஆசை வந்தால், பைத்தான் ஓரளவு தெரியும் பட்சத்தில் ஜாங்கோவையே தாராளமாகச் சொல்லலாம். 2005 ஜூலையில் வெளிவந்த வெப் ஃபிரேம்வொர்க் இது. அதை வைத்து வெப்சைட் கட்டுவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பங்களிப்பவருக்கு அதன் டெஸ்ட் தொகுப்பும் டாக்ஸ் (விளக்க ஆவணங்கள்) கருவிகளும் எவ்வளவு தூரம் துணை வருகின்றன என்பதுதான் இந்த ரிவ்யூ.

முதலில் டவுன்லோட். முழு கிட் வரலாற்றோடு குளோன் செய்தால் (அதாவது பழைய மாற்றங்கள் எல்லாவற்றோடும் நகலெடுத்தால்) சுமார் 250 எம்பி, வரலாற்றை விட்டுவிட டெப்த் 1 என்று கொடுத்தால் சுமார் 70 எம்பி என்று ஜாங்கோவின் வழிகாட்டியே கணக்குச் சொல்கிறது. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்கள் இரண்டாவதையே எடுங்கள். பிறகு விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டு, ஜாங்கோவை எடிட்டபிள் முறையில் நிறுவி, டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ரெக்வயர்மென்ட்ஸ் பட்டியலை பிப் மூலம் நிறுவ வேண்டும். லினக்ஸில் பலரும் மாட்டுவது இங்கேதான்: அந்தப் பட்டியலில் உள்ள பைலிப்எம்சி என்ற பேக்கேஜை நிறுவும்போது கம்பைல் பிழை வரலாம். உபுண்டுவில் லிப்மெம்கேஷ்ட் டெவ் பேக்கேஜை ஆப்ட் வழியாகப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரன்டெஸ்ட்ஸ் ஸ்கிரிப்டை அப்படியே ஓட்டினால் மெமரியிலேயே இருக்கும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் மீது, சிபியு கோர் ஒன்றுக்கு ஒரு புராசஸ் என்று பல ஆயிரம் டெஸ்டுகள் ஓடும். 8 ஜிபி லேப்டாப் திணறினால் பேரலல் எண்ணிக்கையை 2 ஆக்குங்கள். அன்றாட வேலைக்கு முழுத் தொகுப்பு தேவையே இல்லை. தொட்ட பகுதியின் ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் அது மட்டும் ஓடும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஓடும்போது கரண்ட் போனாலும் எஸ்க்யூலைட்டில் எதுவும் மிஞ்சாது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் ஓட்டியிருந்தால், 'டெஸ்ட்' என்று பெயர் தொடங்கும் டேட்டாபேஸ் அப்படியே கிடக்கும். அடுத்த முறை ஓட்டும்போது, ஏற்கெனவே இருக்கிறதே, அழிக்கலாமா என்று கேட்டு நிற்கும். 'yes' என்று முழுதாகக் கொடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

எஸ்க்யூலைட்டில் எல்லாம் பச்சையாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. டெஸ்ட்கேஸ் வகுப்பு ஒவ்வொரு டெஸ்டையும் ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டிவிட்டு ரோல்பேக் செய்கிறது, அதாவது செய்த மாற்றத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது. எஸ்க்யூலைட்டில் அதோடு ஐடி எண்ணும் பின்னால் போய்விடும். ஐடி எண் தரும் போஸ்ட்கிரஸ் சீக்வென்ஸ் ரோல்பேக் ஆகாது, எண் ஏறிக்கொண்டே போகும். ஆகவே 'முதல் ரெக்கார்டின் ஐடி 1' என்று எழுதிய டெஸ்ட் உங்கள் மெஷினில் தேறும், போஸ்ட்கிரஸில் விழும். ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) இல்லாத க்வெரியும் இப்படித்தான்: எஸ்க்யூலைட் பெரும்பாலும் சேர்த்த வரிசையிலேயே கொடுத்துப் பழக்கிவிடும், போஸ்ட்கிரஸ் அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. வரிசை முக்கியமில்லை என்றால், வரிசையைப் பார்க்காமல் ஒப்பிடும் அசர்ட் கவுண்ட் ஈக்வல் போதும்.

இந்தத் தொகுப்பில் மனதார மெச்ச வேண்டியது பைசெக்ட், பேர், ரிவர்ஸ், ஷஃபிள் என்ற நான்கு ஆப்ஷன்கள். தனியாக ஓட்டினால் தேறி, கூட்டத்தோடு ஓட்டினால் விழும் டெஸ்டைப் பிடிக்க இவற்றைவிட நல்ல வழி கிடையாது. பைசெக்ட், தொகுப்பைப் பாதி பாதியாகப் பிரித்து, எந்த டெஸ்ட் விட்டுப்போன குப்பை இதைக் கெடுக்கிறது என்று காட்டிவிடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். பிழைத்திருத்தம் இல்லாமல் உங்கள் புது டெஸ்டை ஒருமுறை ஓட்டுங்கள். விழ வேண்டும். விழவில்லை என்றால் அது எதையும் சோதிக்கவில்லை.

டாக்ஸ் பக்கம் வருவோம். ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட் என்ற எழுத்து வடிவத்தில் எழுதி, ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியில் கட்டுகிறார்கள். டாக்ஸ் ஃபோல்டரில் மேக் ஹெச்டிஎம்எல் கொடுத்தால் பக்கங்கள் தயார். எழுத்துப்பிழை பார்க்கும் மேக் ஸ்பெல்லிங் ஓட என்சாண்ட் லைப்ரரி வேண்டும். அது குறை சொல்லும் சொல் கோடின் பகுதி என்றால் இரட்டை பேக்டிக்குக்குள் போடுங்கள். நிஜமான தொழில்நுட்பச் சொல் என்றால் மட்டும் சொற்பட்டியல் ஃபைலில் அகர வரிசைப்படி சேருங்கள். புது வசதி என்றால் ரெஃபரன்ஸ் பக்கம், வெர்ஷன் ஆடட் குறிப்பு, ரிலீஸ் நோட்ஸ் மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். 'சுலபமாக', 'வெறுமனே' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைத் தவிர்க்கச் சொல்லும் நடைவிதியும் உண்டு. தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவரைச் சிறுமைப்படுத்தாத நல்ல விதி அது.

குறை எங்கே? டாக்ஸில் உள்ள உதாரணக் கோடை யாரும் தானாக ஓட்டிப் பார்ப்பதில்லை. பிளாக்கன் டாக்ஸ் வடிவத்தைச் சரிசெய்யும், லிங்க்செக் இணைப்புகளைப் பார்க்கும், ஸ்பெல்லிங் எழுத்தைப் பார்க்கும். உதாரணம் தருவதாகச் சொல்லும் விடையை நிஜமாகவே தருகிறதா என்று இவற்றில் எதுவும் பார்க்காது. இவ்வளவு கறாரான டெஸ்ட் தொகுப்பை வைத்திருக்கும் திட்டத்தில் இந்த இடைவெளி உறுத்துகிறது. மாற்றிய பக்கத்தின் உதாரணங்களை ஒரு புதுப் புராஜெக்டில் ஒட்டி, வரிசையாக ஓட்டிப் பார்த்த பிறகே புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புங்கள்.

எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு டிக்கெட் (பிழை அல்லது மாற்றப் பதிவு) தேவையில்லை, அதிலிருந்தே தொடங்கலாம். மற்றதற்கெல்லாம் ஜாங்கோவின் டிக்கெட் தளமான ட்ராக்கில் 'ஆக்செப்டட்' (ஏற்கப்பட்டது) நிலைக்கு வந்த டிக்கெட்டை மட்டும் எடுங்கள். ஜாங்கோவின் தமிழ் மொழிபெயர்ப்பில் திருத்தம் வேண்டுமானால் அதை டிரான்சிஃபெக்ஸ் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் செய்ய வேண்டும், கிட்ஹப்பில் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.