சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வேனில் வந்து விற்கும் மடிக்கணினியை வாங்காதீர்கள்

மூன்று மாதமாக மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒரு வெள்ளை வேன் வந்து போகிறது. பழைய மடிக்கணினி, கணினித் திரை, விசைப்பலகை என்று ஏற்றி வருகிறார்கள். இரவுச் சந்தை நாளில் மேசை போடுகிறார்கள், மற்ற நாளில் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குள் வருகிறார்கள். நான் அவர்களிடம் 1,650 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டிலும் இதே கதைதான். ஜனவரியில் பள்ளி திறக்கிறது. பிள்ளைகளுக்குக் கணினி வாங்க வேண்டும் என்று பலர் பணம் சேர்த்து வைத்திருக்கும் நேரம் இது. அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

ஈப்போவில் உள்ள ஒரு கணக்கியல் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சிறு கடைகள், பட்டறைகள், லாரிக்காரர்கள் ஆகியோரின் வரவுசெலவைப் பதிவது என் வேலை. வருமான வரி வாரியத்தின் மின்-விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறியவற்றுக்கு இறங்கி வருகிறது. அதனால் எனக்கு வேலை கூடிக்கொண்டே போனது. சமையலறை மேசையில் பழைய கணினியை வைத்துக்கொண்டு இனித் தாங்காது என்று, ஊழியர் சேமநிதியின் மூன்றாம் கணக்கில் இருந்த பணத்தை எடுத்தேன். 2024 மே மாதம் அந்தக் கணக்கு வந்ததிலிருந்து அவசரத்துக்கு என்று தொடாமல் வைத்திருந்த பணம் அது.

முன்னறையை வேலை அறையாக்கினேன். மேசையைப் பட்டணத்தில் ஒரு தச்சர் செய்து கொடுத்தார். நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஆட்டமில்லை. நாற்காலி ஈப்போவில் வாங்கியது. 24 அங்குலத் திரை பழையதுதான், ஆனால் தெரிந்த கடையில் ஓட்டிப் பார்த்து, ரசீதோடு வாங்கினேன். எங்கள் வரிசைக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை என்பதால் 4ஜி ரவுட்டர். இவை எதிலும் குறையில்லை. மடிக்கணினி மட்டும்தான் பாக்கி இருந்தது.

அப்போதுதான் தாமானின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வேன்காரரின் விளம்பரம் வந்தது. "ஐ7, பத்தாம் தலைமுறை, 16 ஜிபி, புது பேட்டரி, மூன்று மாத உத்தரவாதம்." நேரில் போனேன். முப்பது வயதுத் தம்பி, நல்ல தமிழ், நெற்றியில் திருநீறு. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று தெரிந்ததும் தன் பாட்டியும் தோட்டத்தில்தான் வேலை செய்தார் என்றார். "நம்மவர்களுக்கென்று தனி விலை வைத்திருக்கிறேன், அக்கா. ஈப்போ கடையில் இதே பொருள் 2,200 வெள்ளி" என்றார்.

பணம் அனுப்பும்போது கைப்பேசித் திரையில் வேறொரு பெயர் வந்தது. கேட்டேன். "என் மைத்துனர் கணக்கு அக்கா, தினமும் அதில்தான் வாங்குகிறேன்" என்றார். பொத்தானை அழுத்திவிட்டேன். நான் நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான். அந்தப் பெயர் நாம் பணம் அனுப்பும் முன்னால் தெரிவதே நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். ரசீது கேட்டதற்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது, புலனத்தில் அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை.

முதல் வாரம் ஓடியது. இரண்டாம் வாரம், கணக்கு மென்பொருளையும் உலாவியில் நான்கு பக்கங்களையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றது. மின்சாரத்தைக் கழற்றினால் முப்பத்தைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். மாதக் கடைசியில், எட்டுக் கடைகளின் கணக்கை முடித்து அனுப்ப வேண்டிய இரவில் மூன்று முறை அணைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் அனுப்ப முடிந்தது. பதினோரு ஆண்டு வேலையில் நான் கெடு தவறியது அதுவே முதல் முறை. மேலாளர் கோபப்படவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

அலுவலகத்தில் கணினி பார்க்கும் பையன் தொலைவிலிருந்தே என் திரைக்குள் வந்து பார்த்தான். ஐந்து நிமிடம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, இது ஐ5. ஆறாம் தலைமுறை. நினைவகம் எட்டு ஜிபிதான் இருக்கிறது" என்றான்.

ஐ5, ஐ7 என்பவை கணினியை இயக்கும் இன்டெல் சில்லின் பெயர்கள்; அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 6300 என்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டு. பத்தாம் தலைமுறை என்றால் எண் 10 என்று தொடங்கும். விண்டோஸ் 11 இன்டெல் சில்லுகளில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. அவற்றில் விண்டோஸ் செய்யும் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றி, புதுசு போல் விற்கிறார்கள். என்னுடையது அப்படிப்பட்டது. உரிமமும் போலி. வாடிக்கையாளர்களின் வரி விவரங்களை அதில் வைக்கவே கூடாது என்று அலுவலகம் அன்றே தடுத்துவிட்டது.

அன்றிரவு விளக்கடியில் வைத்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விசைப்பலகைக்குக் கீழே ஐ7 என்ற நீல ஒட்டுத்தாள். அதன் ஓரத்தை நகத்தால் மெல்லத் தூக்கினேன். அடியில் வேறொரு ஒட்டுத்தாள் இருந்து உரித்த தடம், பழுப்பேறிய பிசினோடு ஒரு சிறு சதுரம். புதியது அதைவிட ஒரு நூல் அகலம் கூடுதல்; தடத்தை மறைக்கவே அளவெடுத்து ஒட்டியது போல இருந்தது. கணினியின் அடிப்பக்கம் ஏதோ ஓர் அலுவலகத்தின் சொத்து எண் பாதி சுரண்டிய நிலையில் கிடந்தது.

பேட்டரி அதைவிட மோசம். கணினியே எழுதித் தரும் பேட்டரி அறிக்கை ஒன்று இருக்கிறது. கட்டளைத் திரையைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் சேர்த்து அடித்தால் (powercfg /batteryreport) வரும். முதலில் செய்தபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழுதாக ஏற்றினால் நிற்பதும் அருகருகே காட்டும். என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. புது பேட்டரி என்று சொல்லி விற்றது இதைத்தான்.

ஆனால் என்னை நடுங்க வைத்தது சார்ஜர். ஒரு மாலை அம்மா முன்னறையைக் கூட்டும்போது "ஏதோ பொசுங்குகிறது" என்றார். பிளக்கைத் தொட முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் சுவர்த் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பொசுங்கிய வளையம். அந்தச் சார்ஜர் இரண்டு முள் கொண்டது, மூன்று முள்ளாக்க ஒரு மலிவான இணைப்பு மாட்டிக் கொடுத்திருந்தார்கள். எரிசக்தி ஆணையத்தின் பாதுகாப்பு முத்திரையான எஸ்டி-சிரிம் எங்கும் இல்லை. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பகலில் அந்த அறையில்தான் படுத்துக்கொள்வார்.

வேன்காரரை அழைத்தேன். முதலில் "கொண்டு வாருங்கள் அக்கா" என்றார். பிறகு, நான் கெடுத்துவிட்டேன் என்றார். பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். புலனக் குழுவில் கேட்டேன். அதுவரை நாணி வாய் திறக்காமல் இருந்த இரண்டு குடும்பங்கள் எனக்குத் தனியாக எழுதினார்கள். ஒருவர் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்த மகளுக்காக வாங்கியவர்.

இந்த ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு எளிதில் நம்பினார்கள் என்று வெளியூர் உறவினர் ஒருவர் கேட்டார். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தோட்டங்களை வாங்கித் தொழிலாளர்களைக் காக்க 1960இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பத்து வெள்ளியே பெரிய பணமாக இருந்த தொழிலாளர்கள் அதை நம்பிக் கொடுத்தார்கள். என் தாத்தாவும் கொடுத்தார். நம்மவர் கேட்டால் நம்பிக் கொடுப்பது எங்களுக்கு மடமையாகத் தோன்றியதில்லை. அந்த நம்பிக்கையை முதலாக வைத்துக் குப்பையை விற்பவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், இணையத்திலேயே பதியலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். "விற்றது திரும்பப் பெறப்படாது" என்று பலகை மாட்டினாலும் அந்த உரிமை போகாது. ரசீது இல்லையே என்று நானும் முதலில் தயங்கினேன். விளம்பரம் வந்த செய்தி, பணம் போன பதிவு, எங்கள் உரையாடல், எல்லாவற்றையும் அச்செடுத்துச் சேர்த்திருக்கிறேன். விசாரணை நாளுக்குக் காத்திருக்கிறேன்.

இனி வாங்கப் போகிறவர்கள் விற்பவர் முன்னாலேயே கணினியைத் திறந்து, அமைப்புகளுக்குள் போய்ச் சில்லின் எண்ணையும் நினைவகத்தையும் பாருங்கள். ஒட்டுத்தாளைப் பார்க்க வேண்டாம். சார்ஜரைக் கழற்றிக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ள எண்களைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. இணையத்தில் பணம் அனுப்பிவிட்டு ஆள் மறைந்துவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் அழைத்தால்தான் தடுக்க வழியுண்டு.

ஏற்கெனவே அந்த வேனில் வாங்கியவர்களுக்கு: ஒட்டுத்தாளை உரிக்காதீர்கள், யாரிடமும் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள், எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். தனித்தனியாக மனுப் போடுவோம். தேதி வந்தால் ஈப்போவுக்கு ஒரே காரில் போகலாம். சார்ஜரை மட்டும் இன்றே சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இரவில் மாட்டிவிட்டுத் தூங்காதீர்கள்.