ஐந்து வார ஊர்ப் பயணமும் எங்கள் தெருவின் நாய்களும்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்து வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். பெற்றோரோடு இருப்பதற்காகவே போனேன். ஆனால் வண்டியை விட்டு இறங்கிய சிறிது நேரத்திலேயே எதிர் வீட்டு மதிலோரம் படுத்திருந்த ஒரு பெண் நாயும் அதன் நான்கு குட்டிகளும் கண்ணில் பட்டன. தாயின் கழுத்தில் கையளவு புண் இருந்தது. அருகில் சென்று பார்த்தபோது அதில் புழு வைத்திருந்தது. அந்தத் தெருவில் ஆறு பெரிய நாய்களும் சில பூனைகளும் இருந்தன. அவற்றுக்கு உணவு வைப்பவர்கள் இருந்தார்கள். நோய் வந்தால் தூக்கிச் செல்ல மட்டும் யாரும் இல்லை.

அருகிலிருந்த கால்நடை மருந்தகம் மாடு, ஆடுகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஒரே மருத்துவர் பல ஊர்களைக் கவனிக்க வேண்டியிருந்ததால் காலையில் சில மணி நேரம் மட்டுமே அங்கு இருப்பார். எக்ஸ்ரே கருவி இல்லை, விலங்குகளைத் தங்க வைத்துப் பார்க்கவும் இடமில்லை. தொலைவிலுள்ள காப்பகம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தபோது, சிகிச்சைக்குக் கொண்டுவரலாம், ஆனால் விட்டுச் செல்ல முடியாது, கூண்டுகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்றார்கள். அந்தப் பதில் முதலில் கோபத்தைத் தந்தது. நோயுற்ற விலங்குகளை அளவுக்கு மீறி ஒரே இடத்தில் அடைத்தால் ஒன்றின் நோய் எல்லாவற்றையும் தொற்றும் என்பதால், அவர்கள் செய்ததே சரி என்று பின்னர் உணர்ந்தேன்.

தாயின் புண்ணில் நான் வருவதற்கு முந்தைய நாள் யாரோ பினாயில் ஊற்றியிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. புழு சாக வேண்டும் என்ற அக்கறையில் செய்தது. ஆனால் பினாயிலும் மண்ணெண்ணெயும் உயிருள்ள சதையைச் சுட்டுப் புண்ணைப் பெரிதாக்கும். நாய் அதை நக்கினால் நஞ்சு வயிற்றுக்குள்ளும் போகும். மருத்துவர் புண்ணைச் சுற்றியிருந்த முடியை மழித்து, உப்பு நீரால் கழுவி, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு நாயை எடைபோட்டு, அந்த எடைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுத்தார். சொறிக்கும் உண்ணிக்கும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஐவர்மெக்டினை மாட்டுக்கான அளவில் நாய்க்குப் போட்டுவிடுபவர்களைப் பற்றி அவர் வருத்தத்தோடு சொன்னார். மிகை அளவு எந்த நாயின் நரம்பு மண்டலத்தையும் தாக்கும்; மந்தை மேய்க்கும் சில இனங்களின் மரபணு மாற்றம் உள்ள நாய்களுக்கோ மிகச் சிறிய மிகையும் ஆபத்தாகலாம்.

அறியாமல் செய்யப்படும் உதவி என் குடும்பத்திலும் ஓர் உயிரை எடுத்திருக்கிறது. நான் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், காய்ச்சலில் சோர்ந்திருந்த பூனைக்கு என் உறவினர் ஒருவர் அரை பாராசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருக்கிறார். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான ஈரல் நொதி பூனைகளுக்குப் போதிய அளவில் இல்லை. ஆகவே அது இரத்தத்தின் சிவப்பணுக்களை ஆக்சிஜன் சுமக்க இயலாதவையாக மாற்றிவிடுகிறது. ஈறுகள் பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறுகிறது. மாற்று மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அன்று மாலை மருந்தகம் பூட்டியிருந்தது. இதைச் சொல்லும்போது அவர் அழுதார். மனிதருக்கான எந்த வலி மாத்திரையையும் பூனைக்குக் கொடுக்க வேண்டாம் என்பதையும், நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு என்பதையும் அதன்பின் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன்.

குட்டிகளின் கதை இன்னும் கடினமானது. இரண்டாம் வாரத்தில் ஒரு குட்டி வாந்தியெடுத்து, இரத்தம் கலந்து கழியத் தொடங்கியது. மறுநாள் இன்னொன்றும் விழுந்தது. பார்வோ வைரஸ் என்றார் மருத்துவர். 1978-இல் நாய்களிடையே புதிய நோயாக அடையாளம் காணப்பட்ட இது, மண்ணில் பல மாதங்கள், சில சூழல்களில் ஓராண்டு வரைகூட அழியாமல் இருக்கும். சாதாரணச் சோப்புக்கும் பல கிருமிநாசினிகளுக்கும் மசியாது, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலுக்கு அழியும். இதை அறியும் முன்பே அந்தக் குட்டிகளைத் தொட்ட கையோடும் அதே செருப்போடும் பின்தெருவில் இருந்த வேறு குட்டிகளைப் பார்க்கப் போயிருந்தேன். அவற்றுக்கு நோய் வரவில்லை என்று உறுதியாகும் வரை எனக்குத் தூக்கமில்லை. இரத்தக் குழாய் வழியே திரவம் ஏற்றப் பகலில் மட்டுமே முடிந்தது. நோயுற்ற இரண்டு குட்டிகளும் இறந்தன. மற்ற இரண்டும் தப்பின. குட்டிகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஏனெனில் தாய்ப்பாலின் மூலம் கிடைத்த எதிர்ப்பாற்றல் குறையும் வரை ஊசி சரியாகப் பற்றாது. விடுப்பில் வந்தவர் ஓர் ஊசி போட்டுவிட்டு நிம்மதியாகப் புறப்பட்டுவிட முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்தியது வெறிநோய். இந்நோயால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு அது பரவும் நிகழ்வுகளில் 99 விழுக்காடு வரை நாய்களால் நேர்பவை. வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய எவரையும் காப்பாற்ற முடியாது. தோன்றுவதற்கு முன் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றலாம். விலங்குகளைக் கையாளப் போகிறேன் என்று தெரிந்திருந்ததால், நான் புறப்படும் முன்பே, ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசிகளாகப் போடப்படும் முன்காப்புத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டேன். அப்படிப் போட்டவருக்கும் கடிபட்டால் ஊசி தேவை. ஆனால் அன்றும் மூன்றாம் நாளுமாக இரண்டு ஊசிகள் போதும், பல இடங்களில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரத மருந்து வேண்டியதில்லை. விடுப்பில் ஊருக்குப் போய் நாய், பூனைகளோடு பழக விரும்பும் ஒவ்வொருவரும் இதைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குட்டியோடு விளையாடிய பக்கத்து வீட்டுச் சிறுவனின் விரலில் ஒரு பல் பதிந்திருந்ததை மூன்று நாள் கழித்துத்தான் அறிந்தோம். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்துவிட்டான். குட்டி சிறியது, வீட்டு வாசலிலேயே கிடப்பது, அதற்கு எப்படி நோய் வரும் என்று பெரியவர்களே கேட்டார்கள். குட்டிக்கும் வரும். கடிபட்ட உடனே ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும், பொடியோ களிம்போ பூசாமல் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்லி, அன்றே அழைத்துச் சென்றோம். தாமதமானாலும் ஊசி போட்டாக வேண்டும் என்றார்கள். கடித்த நாய் பத்து நாள் நலமாக இருந்தால் கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாளைக் காத்திருந்து கழித்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிப்பது உயிரோடு விளையாடுவது. குட்டி நலமாகவே இருந்தது.

அதன் பிறகுதான் தெரு ஒன்றுகூடியது. ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்காவது தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்றும், கொன்றழிப்பதால் நோய் கட்டுப்படுவதில்லை என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உணவு வைப்பவர்களை நாய்கள் நம்பின. ஆகவே அவர்களே பிடித்துக்கொடுக்க, ஒரே காலையில் ஐந்து நாய்களுக்கு ஊசி போட்டோம். எந்த நாய், என்ன நிறம், எந்தத் தேதியில் எந்த ஊசி, அடுத்தது எப்போது என்பதை ஒரு நோட்டில் எழுதினேன். ஆறாவது நாயான ஒரு கறுப்பு ஆண் நாய், வலையைக் கண்டதும் ஓடிவிட்டது.

கருத்தடையில் நான் கணக்குத் தவறினேன். கடைசி வாரத்தில் செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அறுவைக்குப் பின் காயம் ஆற 10 முதல் 14 நாள் கவனிப்பு வேண்டும். அதுவரை நனையாமல், நக்காமல், ஓடாமல் அடைத்து வைக்க வேண்டும். எனவே ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே இதற்கு நாள் குறித்திருக்க வேண்டும். இரண்டு பெண் நாய்களுக்கு மட்டுமே முடிந்தது. மறுபடி பிடித்து அலைக்கழிக்காமல் இருக்க, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இட்டார்கள். குட்டிகளின் தாய்க்கோ பால் வற்றும் வரை பொறுக்க வேண்டும் என்றார் மருத்துவர். தப்பிய குட்டிகளில் ஒன்றை என்னோடு கொண்டுபோய்விடலாமா என்ற ஆசையும் எழுந்தது. வெறிநோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாயைக் கொண்டுசெல்வதென்றால், மைக்ரோசிப் பொருத்தி, 12 வார வயதுக்குப் பின் ஊசி போட்டு, 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் எதிர்ப்பாற்றலை அளந்து, இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஐந்து வாரத்தில் ஆகக்கூடியதன்று. இரண்டு குட்டிகளுக்கும் அதே தெருவிலேயே வீடு கிடைத்தது.

புறப்படும் முன் எதிர் வீட்டு அக்காவிடம் தாய் நாயின் அறுவைக்கான முன்பணச் சீட்டைக் கொடுத்து, நான் போன பிறகு எல்லாம் அப்படியே நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றேன். “நீ போய்விடுவாய், தம்பி. அது எங்கள் வாசலில்தானே கிடக்கப் போகிறது, நோட்டை என்னிடம் கொடு” என்றார் அவர். ஐந்து வாரமும் அந்த நோட்டை நானே வைத்திருந்தது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. முதல் நாளே அது அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

ஏழு வாரம் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினார். நோட்டின் அந்தப் பக்கத்தில் என் எழுத்துக்குக் கீழே அவருடைய எழுத்தில் தாயின் அறுவைத் தேதியும், வீடு கிடைத்த குட்டிகளின் அடுத்த ஊசி நாளும் இருந்தன. கறுப்பு நாயின் வரியில், உணவுத் தட்டுக்கு இரண்டடி தொலைவு வரை வருகிறது, இன்னும் தொட விடவில்லை என்று எழுதியிருந்தார்.