மூன்றரை ஆண்டு ஜெர்மன்: அரிச்சுவடியிலிருந்து விரிவுரை அரங்கு வரை

ஜெர்மனியில் இயந்திரப் பொறியியல் முதுகலை படிப்பது, அதையும் ஜெர்மன் வழியிலேயே படிப்பது என்று முடிவு செய்தபோது எனக்கு அம்மொழியில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. ஆங்கில வழி முதுகலைப் படிப்புகள் அங்கே நிறையவே உண்டு. நான் விரும்பிய பாடத்திட்டம் ஜெர்மன் வழியில் மட்டுமே இருந்ததால், மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாக அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் சி1 நிலையை எட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. முதல் 14 மாதங்களில் பி1, அடுத்த 17 மாதங்களில் சி1, அதன்பின் பல்கலைக்கழகம். இப்போது இரண்டாம் பருவத்தில் இருக்கிறேன். இந்தக் காலத்தில் பயன்படுத்திய கருவிகளில் எது கைகொடுத்தது, எது பாதியில் கைவிட்டது என்பதை எழுதி வைக்கிறேன்.

தொடக்கத்தில் விளையாட்டுப் போல மதிப்பெண் தரும் ஒரு செயலியை நாற்பது நாள் விடாமல் பயன்படுத்தினேன். நாற்பதாம் நாளிலும் சொந்தமாக ஒரு வாக்கியம் அமைக்க வரவில்லை. அதன்பின் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லே இலவசமாக வழங்கும் 'நிக்கோஸ் வெக்' தொடருக்கு மாறினேன். ஏ1 முதல் பி1 வரை ஒரே கதையாகச் செல்லும் அதன் குறும்படங்களே என் முதல் ஆண்டுக்கு முதுகெலும்பாக இருந்தன. வகுப்புக்கும் சென்றேன். சில மாதங்களில் பி2 வரை முடித்துத் தருவதாகச் சொன்ன அந்தப் பயிற்சி மையத்தின் வேகம் எனக்கு ஒத்துவரவில்லை. பி1 நிலைக்கு மட்டுமே 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்று ஜெர்மன் மொழியை உலகெங்கும் கற்பிக்கும் கோத்தே நிறுவனமே கணக்குச் சொல்கிறது.

நான் செய்த முதல் பெரிய தவறு, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்தது. ஜெர்மனில் சந்துக்கும் பணம் செலுத்தும் இடத்துக்கும் உள்ள சொற்கள் இரண்டும் என் குறிப்பேட்டில் 'கஸ்ஸெ' என்றே இருந்தன. முன்னதன் தொடக்கம் 'கங்கை'யில் ஒலிக்கும் ககரம், பின்னதன் தொடக்கம் 'கல்'லில் ஒலிக்கும் ககரம். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். ப, ட ஆகியவற்றிலும் இதே சிக்கல் உண்டு. பல மாதம் கழித்து ஆசிரியர் சுட்டிக்காட்டியபோதுதான் என் காதே அந்த வேறுபாட்டைக் கேட்கவில்லை என்பது புரிந்தது. அதற்கு மாறாக, குறில் நெடில் பழக்கம் பெரும் சொத்தாக அமைந்தது. 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு. வேறு நாட்டு மாணவர்கள் தடுமாறிய இந்த இடத்தில் எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சொற்களை நினைவில் நிறுத்த 'அங்கி' என்ற அட்டைச் செயலியைப் பயன்படுத்தினேன், இன்றும் பயன்படுத்துகிறேன். மறக்கப்போகும் தறுவாயில் ஒரு சொல்லை மீண்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் வேலை. ஆனால் முதல் அறுநூறு அட்டைகளில் பெயர்ச்சொற்களைப் பால் குறிக்கும் 'டெர், டீ, டஸ்' இல்லாமலே எழுதிவிட்டேன். பொருளைப் பார்த்தே திணையும் பாலும் சொல்லிப் பழகிய நமக்கு, மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' அஃறிணை என்பது வேடிக்கையாகத் தோன்றும். பால் தெரியாவிட்டால் வாக்கியத்தில் அடுத்து வரும் பெயரடை வரை எல்லாம் பிழையாகும் என்பது பி1 நிலையில்தான் உறைத்தது. அறுநூறையும் திருத்த ஒரு முழு விடுமுறை செலவானது. 'உங்', 'ஹைட்', 'கைட்' ஆகிய விகுதிகளில் முடிபவை பெண்பால், 'ஷென்' என்று முடிபவை அஃறிணை என்பன போன்ற சில விதிகளை முதல் வாரத்திலேயே அறிந்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும்.

இனிச் சொல்லப்போவதை எந்தப் பாடநூலிலும் நான் காணவில்லை. ஆங்கிலம் வழியாக ஜெர்மன் கற்பதை நிறுத்தி, தமிழை நேராக அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கியபின் இலக்கணம் வேகமாகப் பிடிபட்டது. உதவுதலைக் குறிக்கும் 'ஹெல்ஃபன்' என்ற வினைக்கு ஏன் நம் 'கு' உருபுக்கு நிகரான டாட்டீவ் வேற்றுமை வருகிறது என்று வகுப்பில் பலரும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தனர். அவனுக்கு உதவினேன் என்று நான்காம் வேற்றுமையில் பேசும் நமக்கு அதில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது? 'மீர் கெஃபெல்ட் டஸ்' என்பது எனக்கு இது பிடிக்கிறது என்பதன் நேர் வடிவம். 'மீர் இஸ்ட் கல்ட்' என்பதும் எனக்குக் குளிர்கிறது என்பதே. (அவர்கள் டாட்டீவை மூன்றாவது என்று எண்ணுவதால் வேற்றுமை எண்களை மட்டும் ஒப்பிட வேண்டாம், குழப்பமே மிஞ்சும்.) இந்த ஒப்பீடு காலைவாரிய இடங்களும் உண்டு. அவனுக்குப் போன் செய்தேன் என்ற நினைப்பில் 'அன்ரூஃபன்' வினைக்கு டாட்டீவ் போட்டு நெடுநாள் திருத்தம் வாங்கினேன். அது அவனை அழைத்தேன் என்பது போல இரண்டாம் வேற்றுமைப் பொருளையே கேட்கும். மிகப் பெரிய பயன் சி1 நிலையில் கிடைத்தது. கல்விசார் ஜெர்மனில் 'டீ இம் லெட்ஸ்டன் யார் ஃபெர்ஓஃபென்ட்லிஹ்டெ ஷ்டூடியெ' போன்ற தொடர்கள் வரிக்கு வரி வரும். சென்ற ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு என்று நாம் சொல்லும் அதே வரிசைதான் அது. முன்னால் நிற்கும் 'டீ' ஒன்றை ஒதுக்கிவிட்டால் பெயரெச்சத் தொடராகவே படித்துவிடலாம்.

தேர்வைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு ஏற்கப்படும் ஜெர்மன் மொழித் தேர்வுகளில் நான் எழுதியது டெஸ்ட்டாஃப். அதற்கு மாற்றான டேஎஸ்ஹா என்ற தேர்வைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன. அதில் 67 விழுக்காடு பெற்றால் கிடைக்கும் இரண்டாம் நிலையைத்தான் பெரும்பாலான படிப்புகள் கேட்கின்றன. டெஸ்ட்டாஃபில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கிலும் நிலை 4 வேண்டும் என்பது பொது வழக்கம். முதல் முறை எனக்கு மூன்றில் 4, பேசுதலில் 3. எதிரில் மனிதர் இல்லாமல் ஒலிவாங்கியை நோக்கிப் பேச வேண்டும்; அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியதும், பக்கத்து இருக்கைக்காரரின் வாக்கியத்தை நான் முடித்து வைக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுத முடியாது என்பதால் முழுத் தேர்வுக்கும் மீண்டும் கட்டணம் கட்டினேன். அடுத்த மூன்று மாதம் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துப் பேசிப் பழகினேன், 4 கிடைத்தது. இத்தனைக்கும் சில பல்கலைக்கழகங்கள் நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகை 16 ஆக இருந்தாலே ஏற்றுக்கொள்கின்றன; முதல் முறை வேறொரு பகுதியில் 5 எடுத்திருந்தால் அங்கே அதுவே போதுமாக இருந்திருக்கும். என் பட்டியலில் அப்படிப்பட்டவை எவை என்று முன்பே பார்க்காதது என் சோம்பல்.

சான்றிதழ் கையில் இருந்தும் முதல் விரிவுரையில் பலகையில் எழுதப்பட்டவற்றைத் தவிர எதுவும் புரியவில்லை. தொழில்நுட்பச் சொற்கள் தடையாக இல்லை, அவற்றைப் படித்திருந்தேன். பேராசிரியர் சமன்பாட்டை வாய்விட்டுப் படிக்கும் விதம்தான் தெரியவில்லை. 'ஹோக் ட்ஸ்வை' என்றால் இருபடி, 'வுர்ட்ஸெல் அவுஸ்' என்றால் மூலம், 'அப்லைடுங்' என்றால் வகையீடு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இவை நான் படித்த எந்த மொழிப் பாடநூலிலும் இல்லை. எண்களோ இன்னும் மோசம். 43 என்பதை மூன்றும் நாற்பதும் என்று சொல்வதால், காதில் விழுந்த வரிசையிலேயே எழுதி 34 ஆக்கிவிடுவேன். எழுத்திலும் ஒரு பொறி இருந்தது. பயிற்சித் தாளில் மீள்தன்மைக் குணகம் (இழுக்கும்போது நீளாமல் ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கும் என்ற அளவு) 210.000 என்றிருக்க, 210 என்று எடுத்துக்கொண்டேன். ஜிகாபாஸ்கலில் எஃகுக்கு அதே 210 என்று மனத்தில் பதிந்திருந்ததால், அலகு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் என்பதைக் கவனிக்கவில்லை. ஒரு மீட்டர்க் கம்பி அரை மில்லிமீட்டர் நீள வேண்டிய கணக்கில் ஏறக்குறைய அரை மீட்டர் நீண்டது. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பதற்கு, காற்புள்ளியே தசமத்துக்கு. இன்னொரு முறை தொடங்க நேர்ந்தால் பி1 முடிந்த கையோடு என் துறையின் முதலாண்டு விரிவுரைப் பதிவுகளைக் கேட்கத் தொடங்குவேன். தேர்வுப் பயிற்சி நூல்களில் பாதி போதும்.

தங்குமிடத்தின் பொதுச் சமையலறையில் பேசப்படுவதோ வேறு ஜெர்மன். 'டோஹ்', 'மால்', 'ஹல்ட்' போன்ற சிறு சொற்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் வந்து விழும். 'கொம் டோஹ் மிட்' என்பதை நீயும் வாயேன் என்று காதில் வாங்கிய நாளில், அந்த 'டோஹ்' நம் 'ஏன்' விகுதிக்குப் பக்கத்து வீடு என்று பட்டது. 'ஜன்னலைக் கொஞ்சம் சாத்து' என்பதில் உள்ள கொஞ்சம்தான் 'மால்'. புரிகிறது என்றாலும் என் பேச்சில் அவை தாமாக இன்னும் வருவதில்லை. ஐந்து பேர் சேர்ந்து உணவு மேசையில் பேசும்போது நகைச்சுவை எனக்கு எட்டுவதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்திருப்பார்கள். சென்ற மாதம் முதன்முறையாக நேரத்துக்குச் சிரித்தேன், அதுவும் நான் 43-ஐ 34 என்று எழுதியதைப் பற்றிய கேலிக்கு.